அன்று பாடிய தோடி

எங்கள் துறையில் வியாழக்கிழமை மதியம் ஆய்வுக் கருத்தரங்கு. இரண்டரை மணிக்கு ஆரம்பிக்கும். அதுவரை அந்த அறையில் வாய்ப்பாட்டு வகுப்பு நடந்திருக்கும். சுருதிப் பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும். கட்டுரை வாசிக்க வருபவர் மேசையருகே வந்து காகிதங்களை அடுக்கியதும் யாராவது எழுந்து போய் அதை நிறுத்துவார்கள். நிறுத்தியதும் அறைக்குள் ஒரு பள்ளம் விழும். மின்விசிறி சுற்றும் சத்தம் அப்போதுதான் காதில் ஏறும். முதல் பருவம் முழுக்க அந்தக் கணம் எனக்குப் பயமாகவே இருந்தது. ஒன்பது வயதிலிருந்து சுருதி கேட்கும் இடத்தில்தான் உட்கார்ந்து பழகியவள் நான். அது நின்றுபோன இடத்தில் இசையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று தோன்றும்.

கும்பகோணத்தில் டீச்சர் வீட்டு முன்கூடத்தில் பன்னிரண்டு வருடம் பாட்டுக் கற்றேன். அங்கே கேள்விக்கு இடமில்லை என்று சொன்னால் அது பொய். கேள்வி இருந்தது. அதைக் குரலால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு பிடி வரவில்லையென்றால் வராத மாதிரியே பாடுவேன். டீச்சர் அதை வாங்கி, வந்த மாதிரி பாடுவார். என் தவறு கேள்வி, அவர் திருத்தம் பதில். இப்படி ஒரு மாலையில் முப்பது நாற்பது கேள்வி பதில்கள் நடந்திருக்கும். ‘ஏன்’ என்ற சொல்லை மட்டும் யாரும் உச்சரித்ததாக நினைவில்லை. சென்னைக்கு வந்து முதுகலையில் சேர்ந்த பிறகு வியாழக்கிழமைகளில் அந்தச் சொல்தான் எங்கும். அதைவிடக் கடினமான இன்னொன்றும் இருந்தது: ‘எப்படித் தெரியும்?’

முதல் கட்டுரையை நான் தோடியைப் பற்றி எழுதினேன். ஐந்து பக்கம். தோடி கனமான ராகம், விஸ்தாரத்துக்கு இடம் கொடுக்கும் ராகம், அதன் உயிர் காந்தாரத்தில் இருக்கிறது என்று வாசித்துக்கொண்டே போனேன். பேராசிரியர் கையை உயர்த்தி நிறுத்தினார். “உயிர் காந்தாரத்தில் இருக்குன்னு எப்படித் தெரியும்?”

“டீச்சர் சொல்லியிருக்காங்க.”

அறையில் யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “சரி. எப்போ சொன்னாங்க? எதைப் பாடிக்கிட்டிருக்கும்போது சொன்னாங்க?”

யோசித்துப் பார்த்தேன். வர்ணம் பாடிக்கொண்டிருந்தோம். நான் காந்தாரத்தை அளவுக்கு மேல் ஆட்டினேன். டீச்சர் தாளத்தை நிறுத்திவிட்டு, “நீ அதை அசைக்காதே, அது தானா அசையட்டும்” என்றார். மழைக்காலம், மின்சாரம் இல்லை. இதையெல்லாம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“இதை எழுதுங்க” என்றார் பேராசிரியர். “அஞ்சு பக்கத்துல இதுதான் உங்களுக்குத் தெரிஞ்ச விஷயம்.”

அன்று இரவு விடுதியில் தூக்கம் வரவில்லை. பாராட்டா கண்டிப்பா என்று புரியாமல் புரண்டுகொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், அந்தப் படிப்பில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அந்த இரண்டு கேள்விகள்தான் என்று படுகிறது. குரு சொன்னதை ஆய்வு ஒதுக்கித் தள்ளும் என்று பயந்து போனவளிடம், குரு சொன்னதை முழுசாகச் சொல் என்று ஆய்வு கேட்டது. எந்த நாள், எந்தப் பாட்டு, எந்தத் தவறுக்குப் பதிலாக என்று.

இரண்டாம் பருவத்தில் ஒலிப் பகுப்பாய்வு வந்தது. பிராட் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் பேச்சொலியை ஆராய்வதற்காக உருவாக்கியது. இசை மாணவர்கள் அதைத் தங்கள் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பாடியதைப் பதிவு செய்து உள்ளே கொடுத்தால் சுருதியின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்துவிடும். ஒரு முனைவர் பட்ட மாணவர் தோடி ஆலாபனைத் துண்டொன்றைத் திரையில் போட்டார். குறுக்கே மூன்று மெல்லிய கோடுகள் இழுத்திருந்தார்: ரிஷபத்தின் இடம், காந்தாரத்தின் இடம், மத்தியமத்தின் இடம். பாடியவரின் கோடு ரிஷபத்தின் பக்கத்திலிருந்து மத்தியமத்தின் பக்கத்துக்கு ஏறி, மறுபடி இறங்கி, மறுபடி ஏறியது. காந்தாரத்தின் இடத்தில் அது நிற்கவே இல்லை. கடந்துபோனது, அவ்வளவுதான். இருந்தும் அந்த அறையில் இருந்த இருபது பேருக்கும் காதில் விழுந்தது சந்தேகமே இல்லாத தோடி காந்தாரம்.

என்னால் அதை நம்ப முடியவில்லை. பாட்டு படித்த எல்லோருக்கும் இது கைப்பழக்கமாகத் தெரியும், கம்பிதம் என்று பெயரும் தெரியும். பெயர் தெரிவது வேறு. இத்தனை வருடம் ‘காந்தாரம்’ என்று நம்பிப் பாடிய ஒன்று, நிற்கும் இடமில்லாமல் இரண்டு அண்டை வீட்டுக்கும் இடையே நடந்துகொண்டே இருப்பது என்று கண்ணால் காண்பது வேறு. ‘அது தானா அசையட்டும்’ என்ற வாக்கியம் பத்து வருடம் கழித்து அன்றுதான் எனக்கு வந்து சேர்ந்தது.

அந்த வார இறுதியில் ஊருக்குப் போனேன். டீச்சர் முந்தின வருடம் பாடிய தோடி ஒன்று என் கைபேசியில் இருந்தது. அதை வரைபடமாக்கி அச்செடுத்து எடுத்துப் போயிருந்தேன். டீச்சர் காகிதத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எங்கே எந்தப் பிடி என்று விரலால் தொட்டுக்கொண்டே போனார். பாதிக்கு மேல் சரியாகச் சொல்லிவிட்டார். பிறகு மேலே நான் எழுதியிருந்த தலைப்பைப் படித்தார். ‘தோடி காந்தாரத்தின் இயல்பு.’

“இப்படி எழுதாதே. இது அன்னிக்குப் பாடின தோடி. இப்போ பாடினா வேற மாதிரி வரும். அன்னிக்குப் பாடினதுன்னு எழுது.”

ஆய்வு நெறிமுறை என்று எங்களுக்குத் தனித் தாளே உண்டு. மாதிரி எடுப்பது, அதன் வரம்பைச் சொல்வது, ஒன்றைக் கொண்டு எல்லாவற்றையும் தீர்மானிக்காமல் இருப்பது என்று ஒரு பருவம் முழுவதும் படித்தோம். டீச்சர் அதை முன்கூடத்தில் உட்கார்ந்தபடி ஒரு வரியில் சொல்லி முடித்தார். திங்கட்கிழமை திரும்பி வந்து என் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் கரும்பலகையில் அதை அப்படியே எழுதினார். அடுத்த வாரம் வரை யாரும் அழிக்கவில்லை.

இந்த இரண்டு இடங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்று எனக்கு யாரும் முன்பே சொல்லியிருக்கவில்லை. ஆனால் நம் ஊரில் இசைக் கருத்தரங்கு என்ற ஒன்று தொடங்கியதே அப்படித்தான். ஆபிரகாம் பண்டிதர் தஞ்சாவூரில் சித்த மருத்துவம் பார்த்துச் சம்பாதித்த பணத்தைச் செலவழித்து 1912 மே மாதம் ஒரு மாநாட்டைக் கூட்டினார். வித்வான்களை வரவழைத்து, உபசரித்து, சுருதிகள் எத்தனை என்று விவாதித்தார். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் கூட்டினார். ஸ்தாயிக்கு 22 சுருதி என்று நூல்கள் சொல்லிவந்தபோது, 24 என்று தமிழ் நூல்களின் பாலை முறைகளிலிருந்து அவர் கணக்குப் போட்டார். 1916இல் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு நடந்தபோது அந்தக் கணக்கோடு அங்கே போனார். போகும்போது மகள்களையும் அழைத்துப் போனார். அவர் பேசினார், மகள்கள் வீணையோடு பாடிக் காட்டினார்கள். மறு ஆண்டு ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. அவர் முடிவை ஒப்புக்கொண்டவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. என் மனதில் தங்கியது அந்த ஏற்பாடுதான். கணக்கை நிரூபிக்கக் காகிதம் போதாது, தொண்டையும் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் நடத்திய கருத்தரங்கில் சுருதியை யாரும் எழுந்து போய் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதன் தொடர்ச்சியாக அடுத்த ஆண்டு மியூசிக் அகாடமி பிறந்தது. 1930 முதல் அதன் ஆய்விதழ் வருகிறது. டிசம்பர் காலைகளில் அங்கே நடக்கும் விளக்கவுரைகளைப் பலர் அறிவார்கள். நான் அதிகம் கற்றது பழைய ஆய்விதழ்களிலிருந்து. நூலகத்தில் கட்டு தளர்ந்த தொகுதிகள். அவற்றில் கட்டுரைகளைவிட, காலை அமர்வுகளின் பதிவுகளைத் தேடிப் படிப்பேன். ஒரு ராகத்துக்கு லட்சணம் சொல்ல வித்வான்கள் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் இந்தச் சுரம் வரும் என்கிறார். இன்னொருவர் எங்கள் பாடாந்தரத்தில் வராது என்கிறார். பாடிக் காட்டுகிறார்கள். ‘எங்கள் பாடாந்தரத்தில்’ என்ற அந்தத் தொடர் எவ்வளவு நேர்மையானது! எனக்குத் தெரிந்தது எவ்வளவு, யாரிடமிருந்து வந்தது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. ஆய்வேடுகளில் நாங்கள் அடிக்குறிப்பு போட்டுச் செய்வதை அவர்கள் பேச்சுவழக்கிலேயே செய்திருக்கிறார்கள்.

இரண்டாம் ஆண்டில் நடந்த ஓர் அமர்வை மறக்க முடியாது. சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904இல் எட்டயபுரத்தில் தெலுங்கில் அச்சானது. பிற்பாடு மியூசிக் அகாடமி அதைத் தமிழில் பகுதி பகுதியாகக் கொண்டுவந்தது. சுரங்களின் மேல் கமகங்களுக்குத் தனித்தனிக் குறிகள் இட்டு அச்சிட்ட புத்தகம் அது. குறிகளின் பெயர்களைக் கேட்டாலே எனக்கு ஊருக்குப் போன மாதிரி இருக்கும்: நொக்கு, ரவை, வலி, ஒதுக்கல், ஓரிகை, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு. சமஸ்கிருத நூல்களின் வரிசையிலிருந்து வந்தவற்றோடு இவையும் கலந்திருக்கின்றன. வீணைக்காரர்கள் விரலையும் தந்தியையும் பார்த்து வைத்த பெயர்கள் போல இருக்கும். அன்று பேராசிரியர் ஒரு கிருதியின் ஒரே ஒரு வரியை மூன்று பேருக்குக் கொடுத்தார். வீணைக்காரப் பெண் ஒருத்தி, ஒரு பாடகர், நான். அரை மணி நேரம் தனித்தனி அறைகளில் படித்துவிட்டு வந்து பாட வேண்டும்.

மூன்று பேரும் பாடினோம். மூன்றும் வேறு வேறு. ஒரே சுரங்கள், ஒரே குறிகள். வலி என்ற குறியை நான் குரலில் ஒரு சிறு வளைவாக எடுத்துக்கொண்டிருந்தேன். வீணைக்காரி தந்தியை நிஜமாகவே பக்கவாட்டில் இழுத்தாள். அந்த இழுப்பில் மேலே ஒரு சுரம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. எனக்கு அந்தச் சுரம் இருப்பதே தெரியாது. குறியைப் படித்தேன், குறியின் பின்னால் ஒரு கை இருப்பதைப் படிக்கவில்லை. அமர்வு முடிந்து அவளோடு வீணையை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். இருட்டும்வரை அவள் இழுக்க இழுக்க நான் பாடினேன். கருத்தரங்கு என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தது இரண்டு மணி நேரம். நான் கற்றது அதற்குப் பிறகு படிக்கட்டில்.

எல்லா வியாழனும் இப்படி இருந்ததில்லை. வெளியூர் கருத்தரங்குகளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு நாளில் எண்பது கட்டுரை, ஒரே நேரத்தில் நான்கு அறைகளில் வாசிப்பு, ஆளுக்கு ஏழு நிமிடம், நான்காவது நிமிடத்தில் மணி. சான்றிதழ் வாங்கியதும் பாதிப் பேர் பேருந்துக்கு ஓடுகிறார்கள். கட்டுரை எண்ணிக்கையைக் கேட்கும் விதிகள்தான் அவர்களை ஓட வைக்கின்றன; அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஏழு நிமிடத்தில் பாடிக் காட்ட நேரமில்லை என்பதுதான் வருத்தம். பாட்டைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசி, ஒரு சுரம்கூடக் கேட்காமல் வீடு திரும்பிய நாட்களில் உடம்பே கனத்துக் கிடக்கும்.

ஆனால் அப்படி ஒரு வெளியூர் அரங்கில்தான் குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பற்றி ஓர் ஆய்வாளர் பேசக் கேட்டேன். புதுக்கோட்டைக்குப் பக்கத்தில், பாறையில் பொறித்த சுரக் கோவைகள். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். அதில் ரிஷபத்துக்கு ர, ரி, ரு, ரெ என்பது போல ஒவ்வொரு சுரத்துக்கும் நான்கு உயிரெழுத்து வடிவங்கள் வருகின்றன. அவை எதைக் குறிக்கின்றன என்பதில் அறிஞர்களுக்குள் ஒருமித்த முடிவு இல்லை. அவர் ஒவ்வொருவர் கருத்தையும் எடுத்துவைத்து, எது எங்கே இடறுகிறது என்று காட்டி, கடைசியில் “எனக்குத் தெரியவில்லை” என்று சொல்லி உட்கார்ந்தார். கச்சேரி மேடையில் அந்த இரண்டு சொற்களுக்கு இடமே கிடையாது. மறந்துபோன சாகித்யத்தைக்கூட அகாரத்தால் நிரப்பிவிட்டு மேலே போகத்தான் எங்களைப் பழக்கியிருக்கிறார்கள். ஒரு முதியவர் நாற்பது வருட உழைப்பை விரித்துவைத்து அதன் நடுவில் தெரியவில்லை என்று சொன்னது எனக்குப் பெரிய கச்சேரி கேட்டது போல இருந்தது.

இனி என் ஆய்வுக்கு வருகிறேன். மல்லாரி. நாகசுரத்தில் வாசிக்கும் சாகித்யமில்லாத உருப்படி. பெரும்பாலும் கம்பீர நாட்டை. சுவாமி புறப்பாட்டின்போதும், தீர்த்தம், சுவாமிக்குப் படைக்கும் தளிகை கொண்டுவரும்போதும், தேருக்கும் தனித்தனி மல்லாரிகள் உண்டு. கும்பகோணத்துப் பிள்ளைகளுக்கு அது பிறந்ததிலிருந்து காதில் இருக்கும் சத்தம், அதனால்தான் எடுத்துக்கொண்டேன். ஒலிப்பதிவுகளைச் சேகரித்தேன். ஒவ்வொன்றுக்கும் தாளம், நடை, எடுப்பு, எத்தனை காலங்களில் வாசித்தார்கள், மொத்த நேரம் என்று பிரித்து ஒரு பெரிய அட்டவணை போட்டேன். ராகம் என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை கம்பீர நாட்டை. மற்ற கட்டங்களில் ஏதோ ஓர் ஒழுங்கு தெரியும் என்று மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் தெரியவும் செய்தது. அதைத்தான் துறைக் கருத்தரங்கில் வாசித்தேன்.

செயல்விளக்கத்துக்காக எங்கள் பக்கத்திலிருந்து ஒரு நாகசுர வித்வானை அழைத்திருந்தேன். எழுபது வயதுக்கு மேல். மகனும், தவிலுக்கு இரண்டு பேரும், ஒத்துக்கு ஒருவரும் வந்திருந்தார்கள். அறையில் சுருதிப் பெட்டியை நிறுத்திவிட்டு நான் நாற்பது நிமிடம் வாசித்தேன். அவர் பின்வரிசையில் வாத்தியத்தை மடியில் கிடத்தி, சீவாளியை ஈரப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கை காட்டியபோது அவர்கள் எழுந்து வந்து மூன்று துண்டுகள் வாசித்தார்கள். அந்தச் சின்ன அறையில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வாசித்து முடித்ததும் வழக்கப்படி எல்லோரும் கைதட்டினோம். அவர் தன் இடத்துக்குப் போகவில்லை. திரையில் இருந்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏம்மா, எல்லாம் போட்டிருக்க. பெருமாள் எங்க நிக்கிறாருன்னு போடலியே?”

நான் விழித்தேன்.

“தளிகை மல்லாரி ஏழு நிமிஷம்னு போட்டிருக்க. அது எங்க கோயில்ல. மடப்பள்ளியிலேர்ந்து சன்னிதி எவ்வளவு தூரமோ, அவ்வளவுதான் அது. தளிகை தூக்குறவர் நடையைப் பாத்துத்தான் காலம் மாத்துவோம். சின்னக் கோயில்ல ரெண்டு காலத்தோட முடிஞ்சுபோகும். திரை போடுறப்ப முடிஞ்சிருக்கணும். முன்னாடியும் முடியக் கூடாது, பின்னாடியும் நீளக் கூடாது.”

யாரும் பேசவில்லை. நான் மாதக்கணக்கில் தாளத்துக்குள் தேடிய ஒழுங்கு பிராகாரத்தின் நீளத்தில் இருந்தது. அவரிடம் அதை நான் கேட்டதில்லை. பதிவு செய்யப் போனபோதெல்லாம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, ‘வாசிங்க’ என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். திண்ணையில் நடக்க வழி ஏது? அதனால் அவர் நான் பதிவுக்கருவியைப் பிடித்திருந்த நேரத்துக்குத் தகுந்தபடி வாசித்திருக்கிறார். என் அட்டவணையின் ஒரு கட்டம் முழுவதும் நான் பொறுமையாக உட்கார்ந்திருந்த நேரத்தின் அளவு.

பேராசிரியர் அன்று என்னிடம் கட்டுரையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அழைப்பிதழை என் முன்னால் வைத்தார். கட்டுரைத் தலைப்பு, கீழே தடித்த எழுத்தில் என் பெயர், அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ‘செயல்விளக்கம்: நாகசுரக் குழுவினர்’. அந்த வாசகத்தை எழுதி அச்சுக்குக் கொடுத்தவள் நான்தான். “இவருக்குப் பேர் இல்லையா?” என்று கேட்டார்.

தஞ்சைப் பெரிய கோயில் வெளிச்சுவரில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயில் பணிக்காகப் பல ஊர்களிலிருந்து வரவழைத்த நானூறு தளிச்சேரிப் பெண்களின் பட்டியல் அது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன என்று ஒவ்வொருவராகச் சொல்லிப்போகிறது. ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் பங்கு. நட்டுவம் செய்வோர், பாடுவோர், வாத்தியம் வாசிப்போர் என்று மற்றவர்களுக்கும் அதே போலப் பெயரும் பங்கும். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு கல்தச்சன் நானூறு பெயரையும் உளியால் கொத்தியிருக்கிறான். எனக்கு ஒரு பெயரைத் தட்டச்சு செய்யத் தோன்றவில்லை. இதை எழுதும்போதும் முகம் எரிகிறது.

இது என் ஒருத்தியின் தவறாக மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு சொல்லியிருக்க மாட்டேன். நம் கருத்தரங்கு மேடையில் விளக்கம் சொல்பவர் ஒருவர், செய்து காட்டுபவர் வேறொருவர் என்ற பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. செய்து காட்டுபவருக்குச் சொல்லவும் தெரியும் என்பது அவர் கேட்காமலே வாய் திறந்தால்தான் நமக்குப் புலப்படுகிறது. இதற்கு மாறான உதாரணங்கள் நம் கண் முன்னாலேயே இருக்கின்றன. 1975இல் தமிழ் இசைச் சங்கத்தின் ஆண்டு விழாவில் தலைமையேற்ற பாலசரஸ்வதி, பரதநாட்டிய மார்க்கத்தின் உருப்படி வரிசையைக் கோயிலின் அமைப்போடு ஒப்பிட்டுப் பேசினார். அலாரிப்பு கோபுரம், அங்கிருந்து மண்டபங்கள் வழியே உள்ளே போய்க் கருவறையை நெருங்குவது போல நடனம் போகிறது என்று. அதற்குப் பிறகு மார்க்கத்தைப் பற்றி எழுதிய யாரும் அதைத் தொடாமல் போனதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் தம்பி, புல்லாங்குழல் விஸ்வநாதன், வீணை தனம்மாள் குடும்பத்தில் வளர்ந்தவர். எழுபதுகளில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆலாபனையைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினார். செய்தவர்களே சொல்லவும் செய்தார்கள்.

பாலசரஸ்வதியின் அந்த உரையை எனக்கு முதலில் படிக்கக் கொடுத்தவள் நடனத் துறைத் தோழி. மல்லாரிக் கருத்தரங்கன்று அவளும் அறையில் இருந்தாள். இப்போதெல்லாம் நாட்டிய நிகழ்ச்சிகளில் மல்லாரியை முதல் உருப்படியாக ஆடுகிறார்கள். அவளும் பலமுறை ஆடியிருக்கிறாள். வித்வான் பேசி முடித்ததும் அவள் எழுந்து கேட்ட கேள்வி இது: “ஐயா, நான் மேடையில ஆடுறேன். அங்க மடப்பள்ளியும் இல்ல, சன்னிதியும் இல்ல. நான் எங்கேர்ந்து எங்க போறதா நினைச்சுக்கணும்?”

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “ஒருதரம் கோயிலுக்கு வந்து எங்ககூட நடந்து பாரும்மா. அப்புறம் கால் சொல்லும்.”

இருவருமே போனோம். பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள். அதிகாலையிலேயே பெரியவர் குழுவோடு மடப்பள்ளி வாசலில் நின்றிருந்தார். புகையும் நெய் வாசனையும் வந்தது. என்னிடம் குறிப்பேடு இருந்தது. மடப்பள்ளியிலிருந்து சன்னிதிவரை எத்தனை அடி, எந்த அடியில் காலம் மாறுகிறது என்று குறித்துக்கொள்ளத் திட்டம். தோழி எனக்கு முன்னால் வெறுங்காலோடு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றாள்.

தளிகையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர்கள் வெளியே வந்தார்கள். தவில் ஒரு முறை முழங்கி அடங்கியது. கம்பீர நாட்டை எழுந்தது. நான் எண்ண ஆரம்பித்தேன். பிராகாரத்தின் முதல் திருப்பம்வரை ஒன்றும் பிசகவில்லை. கல் தரை குளிர்ந்திருந்தது. முதல் காலம் முடிந்து இரண்டாம் காலம் தொடங்கிய இடத்தில் அடி எண்ணை எழுதினேன். தளிகை தூக்கியவரில் ஒருவர் வயதானவர். கொடிமரத்தைத் தாண்டும் படியில் சற்றே தயங்கினார். அந்தத் தயக்கத்தில் நாகசுரம் ஒரு சுரத்தை இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் கால் ஊன்றியதும் விட்டது. தவில்காரர் அதை முன்பே தெரிந்தவர் போல இடைவெளியை நிரப்பினார். தோழி திரும்பி என்னைப் பார்த்தாள். அவளும் கவனித்திருக்கிறாள்.

பிறகு மூன்றாம் காலம். பாதம் தானாக அந்த நடைக்கு மாறியது. சன்னிதி வாசலில் திரை விழுந்ததும் வாத்தியமும் நின்றது. குறிப்பேட்டைப் பார்த்தேன். எண்ணிக்கை 73இல் நின்றிருந்தது. கொடிமரத்துப் படிக்குப் பிறகு நான் ஒன்றும் எழுதவில்லை.

பெரியவர் சீவாளியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “எழுதிட்டியா?” என்றார்.

“பாதி விட்டுப்போச்சு, ஐயா.”

“நாளைக்கும் தளிகை உண்டு” என்றார்.